குழாயை வளைக்கும் முன்

லண்டனின் ரெய்னர்ஸ் லேன் ரயில் நிலையத்தின் இப்போதைய செங்கல் கட்டடம் 1938இல் எழுந்தது. அதே 1938இல், அங்கிருந்து நேர்கோட்டில் அளந்தால் எட்டுக் கிலோமீட்டர்கூட வராத ஸ்டோன்பிரிட்ஜில், நார்த் சர்குலர் சாலையோரம் ஏஸ் கஃபே திறந்தது. லாரிக்காரர்களுக்காக வைத்த தேநீர்க் கடை அது. போரில் குண்டு விழுந்து இடிந்ததை 1949இல் திரும்பக் கட்டினார்கள். 1969இல் மூடும்வரை லண்டன் இளைஞர்களின் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நின்ற வாசல் அதுதான். 2001இல் மறுபடி திறந்து இன்றும் நடக்கிறது.

ரெய்னர்ஸ் லேனின் அலெக்சாண்ட்ரா அவென்யூவுக்குத் தேங்காயும் முருங்கைக்காயும் வாங்க வருகிற நம்மவர்கள் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள். ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த வாசலில் அதிகம் பேசப்பட்ட வண்டியை எந்தத் தொழிற்சாலையும் செய்து விற்கவில்லை. வீட்டுக் கொட்டகைகளிலும் சிறு பட்டறைகளிலும் ஆட்கள் தாங்களே கூட்டிக் கட்டிய வண்டி அது. பெயர் டிரைடன். டிரையம்ஃப் எஞ்சினை எடுத்து நார்ட்டன் ஃபிரேமில் வைத்தால் டிரைடன்.

ஏன் அந்த ஃபிரேம்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் மோட்டார் சைக்கிளின் இயற்பியல் பாதி புரிந்துவிடும்.

1940களின் நார்ட்டன் பந்தய வண்டிகளின் ஃபிரேமை ஓட்டுநர்கள் "தோட்டத்துக் கதவு" என்று அழைத்தார்கள். பார்வைக்குப் படல் போலத்தான் இருக்கும். வேகம் ஏறும்போது வளைந்து கொடுக்கும். பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ரெக்ஸ் மக்காண்ட்லெஸ் அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்தார். இடப்பக்கம் ஒரு குழாய் வளையம், வலப்பக்கம் ஒரு குழாய் வளையம். இரண்டும் எஞ்சினுக்கு மேலே போய், பின்னால் இறங்கி, அடியில் திரும்பி, முன்னால் ஏறி வரும். ஹேண்டில் திரும்புகிற கழுத்துக்கு அருகே குழாய்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து இறுக்கிக்கொள்ளும். அதை ஓட்டிப் பார்த்த பந்தய வீரர் ஹரால்ட் டேனியல் இறகு மெத்தைமேல் உட்கார்ந்ததுபோல் இருக்கிறது என்றார். ஃபெதர்பெட் என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. 1950இல் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தை ஜெஃப் டியூக் அந்த ஃபிரேம் கொண்ட வண்டியை ஓட்டி வென்றார். எஞ்சின் நார்ட்டனின் பழைய ஒற்றை சிலிண்டர் வகைதான். வண்டியை மாற்றியவை குழாய்கள்.

அந்த ஃபிரேம்கள் சாதாரண ஆட்கள் கைக்கு வந்த வழி சுவையானது. 500 சிசி ஃபார்முலா 3 கார் பந்தயக்காரர்களுக்கு நார்ட்டனின் பந்தய வண்டியான மேங்க்ஸ் நார்ட்டனின் எஞ்சின் வேண்டும். நிறுவனமோ எஞ்சினை மட்டும் தனியாகத் தராது. முழு வண்டியையும் வாங்கி எஞ்சினைக் கழற்றினார்கள். மிஞ்சிய ஃபிரேம்கள் அனாதையாகக் கிடந்தன. டிரையம்ஃபின் இரட்டை சிலிண்டர் எஞ்சினோ எங்கும் கிடைத்தது, வலுவானது, மேலும் முறுக்கேற்ற இடம் தந்தது. ஆனால் அது பிறந்த ஃபிரேம் அந்த வலுவுக்கு ஈடுகொடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்தார்கள். லண்டனில் டிரெஸ்டா பட்டறையை நடத்திய டேவ் டீகன்ஸ், ரெக்ஸ் புட்சருடன் சேர்ந்து 1965இல் பார்சிலோனா 24 மணி நேரப் பந்தயத்தை இப்படிக் கட்டிய டிரைடனில் வென்றார். பெரிய நிறுவனங்களின் வண்டிகள் ஓடிய பந்தயம் அது.

ஒரு நாள் முழுதும் ஓடியும் தளராத அந்த நிலைத்தன்மை எங்கிருந்து வருகிறது? சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன் சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். சக்கரம் அதன் திருப்புக் கம்பிக்கு நேர் கீழே இருக்காது, சற்றுப் பின்தள்ளியே இருக்கும். வண்டியைத் தள்ளினால் சக்கரம் தானாக ஓட்டத்தின் திசைக்கு வந்து நிற்கும். மோட்டார் சைக்கிளிலும் இதே ஏற்பாடுதான். ஹேண்டிலின் திருப்பு அச்சைக் கற்பனையில் தரைவரை நீட்டுங்கள். அது தரையைத் தொடும் புள்ளி, டயர் தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்று முன்னால் இருக்கும். இந்த இடைவெளிதான் டிரெயில். திருப்பு அச்சு செங்குத்திலிருந்து எத்தனை பாகை பின்சாய்ந்திருக்கிறது என்பது ரேக். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய்கள் திருப்பு அச்சுக்கு முன்னால் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பது ஆஃப்செட். ஃபிரேம் செய்கிறவருக்குத் தலையெழுத்து இந்த மூன்று எண்களில்தான்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். டயரோடு சேர்த்து முன் சக்கரத்தின் ஆரம் 300 மில்லிமீட்டர், ரேக் 27 பாகை, ஆஃப்செட் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆரத்தை ரேக்கின் சைனால் பெருக்கி, ஆஃப்செட்டைக் கழித்து, ரேக்கின் கொசைனால் வகுத்தால் டிரெயில் கிடைக்கும். விடை ஏறக்குறைய 97 மில்லிமீட்டர். சாலை வண்டிக்கு இது நல்ல அளவு. இப்போது பின்பக்கம் உயரமாக எழுந்து நின்றால் அழகு என்று நினைத்து நீளமான ஷாக் அப்சார்பர் போட்டு, பின்பக்கத்தை 25 மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள். இரு சக்கர அச்சுகளுக்கு இடையே 1400 மில்லிமீட்டர் உள்ள வண்டியில் ஃபிரேம் முழுதும் ஒரு பாகை முன்னால் குனியும். ரேக் 26 ஆகும், டிரெயில் 91க்கு இறங்கும். ஒரு விரல் உயர மாற்றத்துக்கு ஆறு மில்லிமீட்டர் டிரெயில் போய்விட்டது. கூடவே ஃபோர்க்கையும் இறக்கினால் இன்னும் குறையும். லண்டனிலும் சரி, யாழ்ப்பாணத்திலும் சரி, சென்னையிலும் சரி, "பார்க்க நல்லா இருக்கு" என்று செய்கிற வேலைகளில் பலவற்றுக்கு இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. அது எனக்குக் கவலை தருகிற விஷயம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சினிமாவில் பார்க்கும் நீண்ட ஃபோர்க் சாப்பர் வண்டிக்கு ரேக் 40 பாகை என்றால், அதே சக்கரத்துக்கும் ஆஃப்செட்டுக்கும் டிரெயில் 186 மில்லிமீட்டர். நெடுஞ்சாலையில் தண்டவாளத்தில் போவதுபோல் போகும். தெருமுனையில் மெதுவாகத் திருப்பினால் முன்பக்கம் தொப்பென்று விழப் பார்க்கும். அவ்வளவு சாய்ந்த அச்சில் ஹேண்டிலைத் திருப்பும்போது வண்டியின் முன்பகுதியே கீழே இறங்குவதுதான் காரணம்.

டிரெயில் மட்டும் போதுமா என்றால், போதாது. இரு சக்கர வாகனம் ஏன் விழாமல் ஓடுகிறது என்பது எளிய கேள்வி போலத் தோன்றும், ஆனால் நூறாண்டு தாண்டியும் அறிஞர்களை வேலை வாங்கிய கேள்வி. 1899இல் கேம்பிரிட்ஜின் பிரான்சிஸ் விப்பிள் மிதிவண்டிக்கான சமன்பாடுகளை எழுதினார். 1970இல் டேவிட் ஜோன்ஸ் ஓட்டவே முடியாத மிதிவண்டி ஒன்றைச் செய்ய முயன்று, சுழலும் சக்கரத்தின் கைரோ விளைவை நீக்கினாலும் வண்டி ஓடத்தான் செய்கிறது என்று காட்டினார். 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள், கைரோ விளைவும் டிரெயிலும் இல்லாமலே தன்னால் நிமிர்ந்து ஓடும் ஒரு சோதனை வண்டியைக் கட்டி சயன்ஸ் இதழில் எழுதினார்கள். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம் என்று அது சொல்லிற்று.

மோட்டார் சைக்கிளுக்கென்று பார்த்தால் 1971இல் ராபின் ஷார்ப் எழுதிய கட்டுரை ஒரு திருப்புமுனை. வண்டியின் நடத்தையை அவர் மூன்றாகப் பிரித்தார். மெல்லச் சாய்ந்து விழுவது ஒன்று. முழு வண்டியும் பாம்புபோல் நெளிவது இன்னொன்று. ஹேண்டில் மட்டும் வெடவெடவென்று உதறுவது மூன்றாவது. அந்த உதறல் வினாடிக்கு 6 முதல் 10 முறை வரை வரும். கையால் அடக்கும் வேகத்தை அது தாண்டிவிடும். ஹேண்டில் கழுத்தின் கோன்செட் பேரிங் தளர்ந்த வண்டியில் கையை விட்டவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். ஃபிரேமும் ஃபோர்க்கும் எவ்வளவு விறைப்பாக இருக்கின்றன என்பது இந்த ஆட்டங்கள் எந்த வேகத்தில் தலைகாட்டும் என்பதை மாற்றிவிடுகிறது. தோட்டத்துக் கதவு தோற்றதும் இறகு மெத்தை வென்றதும் இங்கேதான்.

ஃபிரேமின் முதல் கடமை இப்போது தெளிவாகும். முன்னால் ஹேண்டில் கழுத்து. பின்னால், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் கீல். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொள்ளாமல் காப்பதுதான் அந்தக் கடமை. எஞ்சினைத் தாங்குவது, ஆளைத் தாங்குவது எல்லாம் அதற்குப் பிறகு.

முறுக்கைத் தாங்க நம் ஊர் மூங்கிலிடம் பாடம் கேட்கலாம். உள்ளே வெற்றாக இருப்பதால்தான் அது அந்த எடைக்கு அவ்வளவு வலுவாக நிற்கிறது. 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள கெட்டி இரும்புக் கம்பியை எடுங்கள். 32 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள குழாயையும் எடுங்கள். குழாயில் உள்ள இரும்பு, கம்பியில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் வளைவதை எதிர்க்கும் விறைப்பு ஆறரை மடங்கு. இரும்பு மையத்திலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறதோ, அந்த விலகலின் வர்க்கத்துக்கு ஏற்ப அது வளைவை எதிர்க்கிறது. நடுவில் இருக்கும் இரும்பு சும்மா எடைதான்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விலை உயர்ந்த எஃகு வாங்கினால் ஃபிரேம் விறைப்பாகும் என்று பலர் நம்புகிறார்கள். சாதா எஃகுக்கும் குரோம்-மாலிப்டினம் எஃகுக்கும் விறைப்பு ஒன்றுதான். இரண்டின் மீள்குணகமும் 200 கிகாபாஸ்கலை ஒட்டியே இருக்கும். உயர்ந்த எஃகு தருவது உறுதி, அதாவது நிரந்தரமாக வளையாமலும் உடையாமலும் அதிகச் சுமை தாங்கும் திறன். அதனால் குழாயின் தடிப்பைக் குறைத்து எடையை மிச்சப்படுத்தலாம். பர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் கொண்டுவந்த 531 என்ற மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகுக் குழாய் பந்தய ஃபெதர்பெட்டுக்குப் போனது. தெருவில் ஓடிய நார்ட்டன்களுக்கு சாதா எஃகே போதும் என்று விட்டார்கள். தெரு வண்டிகளும் நன்றாகவே ஓடின. வடிவம் சரியாக இருந்ததால் எஃகின் குறை தெரியவில்லை.

வடிவத்தில் முக்கோணத்துக்கு இணை இல்லை. நான்கு சட்டம் அடித்த கதவு நாளடைவில் சரிந்துவிடும். குறுக்குச் சட்டம் ஒன்று வைத்துவிட்டால் சரியாது. முக்கோணத்தின் கோணம் மாற வேண்டுமென்றால் ஒரு பக்கத்தின் நீளமே மாற வேண்டும். குழாய் வளைவதைவிட நீள்வது எத்தனையோ மடங்கு கடினம். கழுத்தைச் சுற்றி முக்கோணங்களாகக் குழாய் வைத்த ஃபிரேம், வளையமாக வளைத்த ஃபிரேமைவிடக் குறைந்த இரும்பில் அதே விறைப்பைத் தரும். ஆனால் நடுவில் எஞ்சின் உட்கார வேண்டும், அதைக் கழற்றி மாட்டவும் வழி வேண்டும். ஃபிரேம் கட்டும் ஒவ்வொருவரும் கடைசியில் இந்தச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். லண்டனுக்கு வடக்கே ஸ்டீவனேஜில் வின்சென்ட் நிறுவனம் 1946இல் இதற்கு ஒரு துணிச்சலான விடை சொன்னது. கீழ் ஃபிரேமே வேண்டாம், எஞ்சினே ஃபிரேமாக இருக்கட்டும் என்றது. மேலே இருந்த ஒற்றைப் பெட்டி வடிவ உறுப்பு எண்ணெய்த் தொட்டியாகவும் வேலை செய்தது. ஹாம்ப்ஷரின் ரிக்மன் சகோதரர்கள் தங்கள் மெட்டிஸ் ஃபிரேம்களில் குழாய்க்குள்ளேயே எஞ்சின் எண்ணெயை ஓடவிட்டார்கள்.

இனி தீ. குழாயை வெட்டி, முனையை மீன்வாய்போல் ராவி, அடுத்த குழாயோடு இடைவெளி இல்லாமல் பொருத்துவது பொறுமையான வேலை. ஆனால் ஃபிரேமைக் கெடுப்பது பெரும்பாலும் அதற்குப் பின் வரும் சூடுதான். எஃகு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். அற்பமாகத் தோன்றும். அரை மீட்டர் குழாய் 500 பாகை சூடேறினால் 3 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். ஆறும்போது இழுக்கும். ஒரு பக்கம் முதலில் பற்றவைத்தால் அந்தப் பக்கம் இழுக்கும். கழுத்து அரைப் பாகை சாய்ந்துவிட்டால், 700 மில்லிமீட்டர் கீழே சக்கரம் 6 மில்லிமீட்டர் ஒதுங்கி ஓடும். கண்ணுக்குத் தெரியாது. ஓட்டுகிறவருக்கு, கையை லேசாகத் தளர்த்தினாலே வண்டி ஒரு பக்கம் இழுப்பது தெரியும்.

அதனால்தான் ஜிக். கனத்த தட்டையான இரும்பு மேடையில் கழுத்துக்கு ஒரு தாங்கி, ஸ்விங் ஆர்ம் கீலுக்கு ஒரு தாங்கி, எஞ்சின் போல்ட்டுகளுக்குத் தாங்கிகள் வைத்து, குழாய்களை அவற்றுக்கிடையே பொருத்துவார்கள். முதலில் எல்லா இணைப்பிலும் புள்ளிபுள்ளியாகப் பற்றவைத்து, அளந்து, பிறகு இடமும் வலமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடிப்பார்கள். பந்தய ஃபெதர்பெட்டுகளை வெல்டிங் செய்யாமல் வெண்கலக் கம்பி உருக்கிப் பற்றவைத்ததற்கும் காரணம் சூடுதான். எஃகு உருக ஏறக்குறைய 1500 பாகை வேண்டும். வெண்கலக் கம்பி 900 பாகையை ஒட்டியே உருகி, எஃகை உருக்காமல் பிடித்துக்கொள்ளும். மெல்லிய உயர்தரக் குழாயின் உறுதி அதனால் குறைவாகவே கெடும். இணைப்பின் ஓரமும் திடீரென்று முடியாமல் வழுவழுப்பாகச் சரிந்து முடியும். இது முக்கியம். ஃபிரேம் ஒரே அடியில் உடைவது அபூர்வம். லட்சக்கணக்கான சிறு குலுக்கல்களில், தடித்த இடம் மெல்லிய இடத்தைச் சந்திக்கும் கோட்டில், மயிரிழை விரிசலாகத்தான் அது தொடங்கும்.

எஞ்சினை எங்கே வைப்பது என்பதிலும் கணக்கு உண்டு. முன் பற்சக்கரமும் பின் பற்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் செயின் தேய்ந்து கழன்றுவிடும். முன் பற்சக்கரம் ஸ்விங் ஆர்மின் கீலுக்கு எவ்வளவு அருகே இருக்கிறதோ, அவ்வளவுக்குப் பின்சக்கரம் ஏறி இறங்கும்போது செயின் இறுக்கம் மாறாது.

இப்படிக் கட்டிய வண்டியைப் பிரிட்டனில் சாலைக்குக் கொண்டுவரச் சட்டத்தில் வழி இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கான தனி வாகன ஒப்புதல் என்ற எம்எஸ்விஏ சோதனையை அரசின் டிவிஎஸ்ஏ நடத்துகிறது. பிரேக், விளக்கு, கண்ணாடி, ஒலி, கூரான விளிம்புகள் என்று பலவற்றையும் பார்ப்பார்கள். தேறினால் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவில் பதிவுக்குப் போகலாம். அடையாளமோ வயதோ உறுதிசெய்ய முடியாத வண்டிக்கு க்யூ எழுத்தில் தொடங்கும் எண் கிடைக்கும். இந்தியாவில் நிலை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பாதுகாப்பு நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தனி ஆள் கட்டிய வண்டியைச் சோதித்து ஒப்புதல் தரும் பிரிட்டன் முறையே மேல் என்பது என் கருத்து. தடை மட்டும் இருந்தால் வேலை நிற்பதில்லை, சோதனை இல்லாமல் மறைவில் நடக்கிறது.

சட்டம் எப்படி இருந்தாலும், ஏஸ் கஃபேயின் கதை சென்னைக்கு அருகே உள்ள ஒரகடம்வரை போயிருக்கிறது. போன வழி இது. இங்கிலாந்தின் ரெடிச்சில் பிறந்த ராயல் என்ஃபீல்டின் புல்லட்டை 1955 முதல் மெட்ராஸில் கூட்டிக் கட்டத் தொடங்கினார்கள், பிறகு திருவொற்றியூரில் முழுவதுமாகவே செய்தார்கள். தாய் நிறுவனம் 1970இல் மூடிய பிறகும் திருவொற்றியூரில் உலை அணையவில்லை. லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபர்டில் 1972இல் தொடங்கிய ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ், பந்தய வண்டிகளுக்குக் கையால் ஃபிரேம் கட்டிப் பெயர் வாங்கிய பட்டறை. 2013இல் வந்த கான்டினென்டல் ஜிடிக்கு ஃபிரேம் வடிவமைத்தது அவர்கள்தான். 2015இல் ராயல் என்ஃபீல்டு அந்தப் பட்டறையையே வாங்கிக்கொண்டது. 2018இல் வந்த 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகளின் ஃபிரேமிலும் அவர்கள் கை இருக்கிறது. எஞ்சினை இருபுறமும் அணைத்துத் தாங்கும் எஃகுக் குழாய், ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர் அச்சிடைத் தூரம், ஏறக்குறைய 24 பாகை ரேக். இரட்டை சிலிண்டர் எஞ்சினும் நன்றாகத் திரும்பும் குழாய் ஃபிரேமும் சேர்ந்த வண்டி. டிரைடன் கட்டியவர்கள் தேடியதும் அதுதானே! அதை இன்று சென்னைக்கு அருகே தமிழ்த் தொழிலாளர்கள் செய்து லண்டனுக்கு அனுப்புகிறார்கள்.

ரெய்னர்ஸ் லேனின் 1930களின் வீடுகள் பலவற்றில் பக்கவாட்டில் ஒரு கராஜ் இருக்கும். பெரும்பாலும் பழைய சூட்கேஸ்கள் அடைந்துகிடக்கும். அதில் ஒரு வண்டி கட்ட நினைக்கிற இளைஞர் யாராவது இதைப் படித்தால் அவரிடம் ஒரு வேண்டுகோள். முதலில் குழாய் வாங்காதீர்கள், எஞ்சினும் வாங்காதீர்கள். நல்ல வண்டி ஒன்றைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, தூக்குக்குண்டும் அளவு நாடாவும் கோணமானியும் கொண்டு அதன் ரேக், டிரெயில், அச்சிடைத் தூரம் மூன்றையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். இன்னும் நான்கு வண்டிகளை அளந்து எழுதுங்கள். மாலை வகுப்பில் சேர்ந்து வெல்டிங் படியுங்கள். பற்றவைத்த துண்டுகளை ரம்பத்தால் அறுத்து உள்ளே எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பாருங்கள். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டோன்பிரிட்ஜ் பார்க் நிலையத்தில் இறங்கி ஏஸ் கஃபே வாசலுக்குப் போய், அங்கே நிற்கும் டிரைடன் எதன் பக்கத்திலாவது மண்டியிட்டு, டேங்குக்கு அடியில் குழாய்கள் கழுத்தில் வந்து சேரும் இடத்தைப் பாருங்கள்.